ரெண்டு கட்சி நோட்டீஸும் வரும் வீடு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம். பக்கத்து வீட்டுப் பெரியவர் தபால் பெட்டியைத் திறந்தார், வந்ததை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டார்.

எல்லாம் தேர்தல் நோட்டீஸ். ஒன்றில் ஜனநாயகக் கட்சிக்காரர் நாட்டைக் கெடுக்கிறார், இன்னொன்றில் குடியரசுக் கட்சிக்காரர் கெடுக்கிறார். இரண்டிலுமே எதிராளியின் படம் கறுப்பு வெள்ளையில், வாய் பாதி திறந்தபடி. ஒரே அச்சகத்தில் அடித்திருப்பார்களோ!

"நான் எந்தக் கட்சியிலும் பதியலை. அதான் ரெண்டு பேரும் அனுப்புறாங்க" என்று சிரித்தார்.

இங்கே வாக்காளராகப் பதியும்போதே எந்தக் கட்சி என்று குறிக்கலாம், குறிக்காமலும் விடலாம். வட கரோலினா வாக்காளர் பட்டியலில் 2022-லிருந்து இவரைப் போன்றவர்கள்தான் பெரிய கூட்டம். 2016, 2020, 2024 மூன்று அதிபர் தேர்தலிலும் இந்த மாநிலம் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு விழுந்தது. அதே நாளில் ஆளுநராக வென்றது ஜனநாயகக் கட்சி: இரண்டு முறை ராய் கூப்பர், அடுத்து ஜோஷ் ஸ்டைன்.

இவர்கள் எல்லாரும் நடுநிலையாளர்கள் என்று சொல்ல மாட்டேன். கட்சியில் பதியாவிட்டாலும் பலர் எப்போதும் ஒரே பக்கம்தான் குத்துவார்கள். உண்மையில் மாறி மாறிப் போடுபவர்கள் கொஞ்சம் பேர். முடிவை மாற்ற அது போதும்.

ஆனால் காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரியும். நிஜப் போட்டி, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில்தான். அங்கே வருபவர்கள் குறைவு, வருபவர்களில் தீவிரமானவர்கள் அதிகம். வேட்பாளர் அவர்களுக்கு ஏற்றபடிதான் பேசுவார்.

பென்சில்வேனியா மாநிலத்தில் கட்சி சாராதவருக்கு அந்த முதல்நிலை வாக்கே கிடையாது. இங்கே வட கரோலினாவில் ஏதாவது ஒரு கட்சியின் முதல்நிலையைத் தேர்ந்தெடுத்துப் போடலாம். இருந்தும் பலர் போவதில்லை. அப்புறம் நவம்பர் பொதுத்தேர்தலில் "ரெண்டு பேருமே சரியில்லை" என்று புலம்பல்!