கேட்டில் நின்ற பதினேழு நிமிடம்

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, "தோள்பட்டை கடுக்குதுடா" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. 108-க்கு அடித்தேன். எட்டரைக்கெல்லாம் வண்டி வாசலில் நின்றது. மருத்துவ உதவியாளராக வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பிரஷர் பார்த்தார், ஆஸ்பிரினைக் கொடுத்துச் சப்பச் சொன்னார், ஆக்சிஜன் மாட்டினார். எல்லாம் மளமளவென்று நடந்தது.

எங்கள் ஊர் அரியலூர் பக்கம், விழுப்புரம்–திருச்சி கார்டு லைனுக்கு மேற்கே இருக்கிறது. ஆஸ்பத்திரி கிழக்கே. நடுவில் ரயில்வே கேட். சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி பக்கம் போகிற ரயில்களில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போகும். போதாததற்கு சிமெண்ட் ஏற்றின கூட்ஸ் வேறு.

8.47-க்கு கேட்டுக்கு வந்தோம். மூடியிருந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், கேட்டில் நின்றதும் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த மச்சானுக்கு போன் செய்தேன். தாண்டியதும் மறுபடி செய்தேன். இரண்டாவது அழைப்பு 9.04. போனில் அந்த இரண்டு வரிகளையும் ரொம்ப நாள் அழிக்காமல் வைத்திருந்தேன்.

முதலில் கூட்ஸ். முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அது போனதும் கேட் தூக்கவில்லை, எதிர்த்திசையில் ஒரு எக்ஸ்பிரஸ் வருகிறது என்றார்கள். சைரன் அலறிக்கொண்டே இருக்கிறது. "கேட்டைத் தூக்குய்யா, உசுரு போவுது" என்று நாலு பேர் கத்தினார்கள். "தூக்கலைன்னா உடைங்கடா" என்றார் ஒருவர். கேட்கீப்பர் கையில் கொடியோடு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார், திரும்பவே இல்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இந்த ஜென்மத்தில் வேறு யார் மேலும் வந்ததில்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். இரண்டு ஸ்டென்ட். இப்போது பீடியை மட்டும் விட்டிருக்கிறார், மாட்டை விடவில்லை.

அவர் வீட்டுக்கு வந்த பத்தாவது நாள், சண்டை போட வேண்டும் என்றே கேட்டுக்குப் போனேன். கேட்கீப்பர் முன்னாள் ராணுவ வீரர், ஒப்பந்த வேலை. ஐம்பது வயது இருக்கும். "உள்ள வராதீங்க சார், வெளியவே நில்லுங்க. என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார். ரயில் இல்லாத நேரம். கேட்டேன். ஆம்புலன்ஸுக்காக ஒரு ரயிலை இரண்டு நிமிடம் நிறுத்த முடியாதா?

அவர் கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினார். இது இன்டர்லாக் கேட். பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் போனில் ரயில் வருகிறது என்று சொல்லி, பிரைவேட் நம்பர் என்று ஒரு எண்ணைக் கொடுப்பார், இவர் பதிலுக்கு ஒரு எண் கொடுப்பார். அப்புறம் கேட்டை இறக்கிப் பூட்டி, அந்தச் சாவியை உள்ளே பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் ரயிலுக்கான கேட் சிக்னல் சிவப்பிலிருந்து மாறும். மாறியதும் சாவி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ரயில் தாண்டுகிற வரை இவரே நினைத்தாலும் கேட்டைத் திறக்க முடியாது.

"ஆபத்துன்னா சிக்னலைத் திருப்பி சிவப்பாக்கலாம்" என்றார். "ஆக்கினாலும் கேட் உடனே திறக்காது, குறிப்பிட்ட நேரம் கழிச்சுத்தான் விடும். ஏன்னா அந்நேரத்துக்கு வண்டி சிக்னலைத் தாண்டியிருந்தா?"

110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடிக்கு முப்பது மீட்டர் போகிறது. அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். டிரைவர் கண்ணுக்கு ஆம்புலன்ஸ் தெரிகிற தூரம் எதற்கும் உதவாது. இதைத் தெரிந்துகொள்ள நான் ஏன் நாற்பத்தொரு வயது வரை காத்திருந்தேன் என்று தெரியவில்லை. தினமும் தாண்டுகிற கேட்.

"அப்போ ரயில் யாருக்கும் நிக்கவே நிக்காதா?" என்றேன்.

"நிக்கும் சார். நான் கேட்டைப் பூட்டாத வரைக்கும் நிக்கும்."

அதுவும் விதிதான் என்று விளக்கினார். கேட் சிக்னல் கம்பத்தில் 'ஜி' என்று எழுதிய மஞ்சள் வட்டம் ஒன்று இருக்கும். சிக்னல் சிவப்பாக இருந்தால் லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர், ஹாரன் அடித்து அங்கேயே நிற்க வேண்டும். பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்தும் மாறவில்லையென்றால், மெதுவாக கேட் வரை வந்து, கேட்கீப்பர் கைக்கொடி காட்டினால் கடக்கலாம். ஆக, சைரன் சத்தம் கேட்ட பிறகும் சாவி இன்னும் இவர் கையில் இருந்தால், ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொல்லிவிட்டு வண்டியை விடலாம். ரயில் தாமதமாகும், அந்தத் தாமதத்துக்கு இவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு எங்கள் வண்டி வந்தபோது சாவி பெட்டிக்குள் போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கிளம்பும்போது, "எத்தனை மணிக்கு வந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பதிவேட்டைப் புரட்டி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, விரலை வைத்துக் காட்டினார். கேட் தூக்கிய நேரம் 8.55.

என் போனில் இருப்பது 9.04.

எட்டு நிமிடம் ரயிலுக்கு. மீதி ஒன்பது நிமிடம்? அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கேட் மூடினால் நாம் என்ன செய்வோம்? இடது பக்கம் வரிசை நீண்டுவிட்டால், வலது பக்கம் காலியாக இருக்கிறதே என்று முன்னால் போய் கேட்டை ஒட்டி நிற்போம். முதலில் பைக், பிறகு ஆட்டோ, பிறகு ஒரு மினி லாரி. எதிர்ப்பக்கமும் அதே கதை. கேட் தூக்கியதும் இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி வேன், இந்தப் பக்கம் ஒரு டிராக்டர். இரண்டும் பின்னால் போக இடமில்லை. எங்கள் 108 பைலட், அதான் ஆம்புலன்ஸ் டிரைவர், இறங்கிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு வழி வாங்கினார். கத்தின அந்த நாலு பேரின் பைக்கும் வலது பக்கம்தான் நின்றது. சொல்லப்போனால் மற்ற நாட்களில் என் பைக்கும் அங்கேதான் நிற்கும்.

சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 160: மூடிய கேட்டை அதிகாரம் இல்லாதவர் திறந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 194இ: ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேட்கீப்பரை உள்ளே தள்ளப் பிரிவு தேடிப்போனவன், கடைசியில் எங்கள் ஊரில் பாதிப் பேரை உள்ளே தள்ளும் பிரிவோடு திரும்பினேன்.

இருந்தாலும் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று மனு போட ஆரம்பித்தேன். இதே வழியில் போக நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், சுருக்கமாக. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு நெடுஞ்சாலைக்குப் போனது, அங்கிருந்து ரயில்வேக்கு, ரயில்வேயிலிருந்து மாநில அரசு முன்மொழிய வேண்டும் என்ற பதிலோடு திரும்பி வந்தது. ஏழு மாதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆன்லைனில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டது அதைவிட வேகம். டி.வி.யூ. என்ற ஒரு கணக்கு இருப்பதே அதில்தான் தெரிந்தது. ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் சாலை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்குவது. ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலச் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப்பாதியாகப் பகிர்வது வழக்கம். எங்கள் கேட் தாண்டவில்லை. அதில் எத்தனை ஆம்புலன்ஸ் என்று எந்தப் பத்தியும் இல்லை. சிமெண்ட் லாரியும் ஒன்று, 108-உம் ஒன்று.

சுரங்கப்பாதை தரலாம், ஆனால் கேட்டை நிரந்தரமாக மூட ஊர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். ஊர்க்கூட்டம் போட்டோம். கரும்பு லோடு குனிந்து போகுமா, கதிர் அறுக்கிற மிஷின் எப்படிப் போகும், ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் உங்கள் ஆம்புலன்ஸ் நீந்துமா என்று கேட்டார்கள். பக்கத்து ஊர் சுரங்கப்பாதையில் டிராக்டர் மூழ்கியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது.

இதற்கிடையில் 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அந்த கேட் இன்டர்லாக் செய்யப்படாதது. ரயில் வரும் நேரத்தில் கேட் திறந்திருக்கவே முடியாது என்கிற பூட்டு அங்கே இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு, இன்டர்லாக் செய்வதற்கான வரம்பை 20,000 டி.வி.யூ.விலிருந்து 10,000-ஆகக் குறைத்தார்கள், கேட்களில் கேமரா வைக்கச் சொன்னார்கள். விபத்து நடந்த அன்றைக்கு இரவு செய்தி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நம்ம ஆளு திறக்காம நின்னாம் பாரு" என்று மட்டும் சொன்னார்.

பாலம் வராது என்று தெரிந்த பிறகுதான் சின்ன வேலைகளில் இறங்கினோம். கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருக்கும் அண்ணனின் நம்பரைச் சுற்றுவட்டாரத்தில் ஓடும் 108 பைலட்டுகளிடம் கொடுத்தோம். கேட்கீப்பர் வேலை நேரத்தில் கண்டவர் போனையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்க முடியாது, டீக்கடை அண்ணன் எடுப்பார். கேட் மூடியிருந்தால், "மூடி அஞ்சு நிமிஷம் ஆச்சு, ரெண்டு வண்டி பாக்கி, நீங்க சுத்துப் பாதையில போயிருங்க" என்பார். திறந்திருந்தால் எழுந்து போய் கேட் ரூம் வாசலில் நின்று குரல் கொடுப்பார். சுற்றுப் பாதையில் ஒன்பது கிலோமீட்டர் அதிகம். ஆனால் போகலாமா வேண்டாமா என்பதை கேட்டுக்கு வந்து நிற்பதற்கு முன்னால் முடிவு செய்ய முடிகிறது. அதுதான் பெரிய வித்தியாசம் என்று பைலட் ஒருவர் சொன்னார்.

இன்னொன்று, சாலையின் நடுவில் தடுப்பு. நெடுஞ்சாலைக்காரர்களிடம் நடந்து நடந்து, கேட்டுக்கு இரு பக்கமும் முப்பது மீட்டருக்கு நடுவில் கம்பம் நட வைத்தோம். மேற்குப் பக்கம் இன்னும் நிற்கிறது. கிழக்குப் பக்கத்தை ஒரு லாரி மூன்றே வாரத்தில் சாய்த்துவிட்டது. இப்போது அங்கே டீக்கடை அண்ணன் இரண்டு பெயின்ட் டிரம்மில் மண்ணை நிரப்பி வைத்திருக்கிறார். ஒன்றின் மேல் யாரோ துளசி நட்டிருக்கிறார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் நான் டீக்கடையில் இருந்தேன். அண்ணனுக்கு போன் வந்தது. முந்திரித் தோப்பில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது, வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. அவர் கையிலிருந்த வடிகட்டியோடு ஓடினார். உள்ளே அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து மணி அடித்திருந்தது, கேட் இன்னும் இறங்கவில்லை. கேட்கீப்பர் ரிசீவரில் ஏதோ சொல்வது கேட்டது. வைத்துவிட்டு வெளியே வந்து, சிவப்புக் கொடியை விரித்துப் பிடித்து, வேறு எந்த வண்டியும் ஏறாதபடி சாலையை மறித்து நின்றார்.

வடக்கே தூரத்தில் கூட்ஸ் எஞ்சின் ஒன்று வெயிலில் மினுங்கிக்கொண்டு வந்து, சிக்னலில் நின்றது. நீளமாக ஒரு ஹாரன். நாற்பது வருடத்தில் அந்த இடத்தில் ரயில் நின்று நான் பார்த்ததில்லை. மேற்கிலிருந்து சைரன் வந்தது, கம்பங்களுக்கு வலது பக்கமாகவே ஏறி, தண்டவாளத்தில் இரண்டு முறை குலுங்கி, டிரம்களைத் தாண்டிப் போய்விட்டது.

கேட் இறங்கியது. சாவி பெட்டிக்குள் போனது. கூட்ஸ் மெதுவாக உறுமிக்கொண்டு நகர்ந்தது. கடைசி வேகன் போனதும் கேட்கீப்பர் பதிவேட்டை எடுத்து, தாமதம் என்ற இடத்தில் மூன்று நிமிடம் என்று எழுதினார். காரணம் எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சார், ஆம்புலன்ஸ் வண்டி நம்பரைப் பாத்தீங்களா? இதுல எழுதணும்."