கஞ்சாவை விட்டால் சரியாகிவிடுமா?

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் மனநலப் பணிக்காகப் போய்வரும் என்னிடம் அம்மாக்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது: "மேடம், இந்தக் கஞ்சாவ விட்டுட்டா புள்ள சரியாப் போயிருவான்ல?" 'ஆமாம்மா' என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று தெரியும். ஆனாலும் சொல்ல முடிவதில்லை.

கஞ்சாவுக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டு. ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது பதிவான 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் கவனித்து, 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு, அதைத் தொடாதவர்களைவிட இந்நோய் 6 மடங்கு வந்திருந்தது. 2019இல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வோ, வீரியம் கூடிய சரக்கைத் தினமும் இழுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு (இல்லாத குரல்கள் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற நிலை) வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்றது. சின்ன வயசு, தினசரிப் பழக்கம், வீரியம் என்ற மூன்றும் ஒன்றுசேர்வதுதான் எனக்குப் பயம்.

ஆனால் புகைப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை. கஞ்சாவைக் கண்ணாலும் பார்க்காதவர்களுக்கு வருகிறது. பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நோய் தலைகாட்டும்போது வரும் பதற்றம் தாங்காமல் கஞ்சாவைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. அதனால் எது முந்தியது என்று ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், வயது இருபதைத் தாண்டியிருக்கும். படகில் இருக்கும் வயர்லெஸ் செட்டில் மற்ற படகுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். ஒருநாள் கடலுக்குள் வைத்தே செட்டைத் துண்டால் சுற்றிக் கட்டிவிட்டானாம். வீட்டில் அம்மா வைத்த மீன்குழம்பைத் தொடமாட்டான். பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டைக் கடையில் தானே வாங்கி வந்தால்தான் தின்பான். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கிடைத்ததும் வீட்டாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல ஆயிற்று. கஞ்சாதான் காரணம், அதை நிறுத்தினால் போதும்.

அப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தாய்மாமன் அவனைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய், கூட்டாளிகள் யாரும் அண்டாமல் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர், ராத்திரியில் அவன் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். கஞ்சா அடியோடு நின்றது. குரல்கள் மட்டும் நிற்கவில்லை. போதையால் மட்டும் வந்த குழப்பம் என்றால் பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மருத்துவர்கள் வேறு நோயை யோசிப்பார்கள். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் இரண்டு மாதம் காத்திருந்திருக்காது. சிகிச்சை தள்ளிப்போகப் போக, மீண்டு வருவது கஷ்டமாகிறது.

சரி, சில நாளில் தெளிந்துவிட்டால்? அப்போதும் கண்காணிப்பை விடக்கூடாது. கஞ்சாவால் வந்த மனப்பிறழ்வு என்று முடிவு செய்யப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பின்னாளில் ஸ்கிசோஃப்ரினியாவோ, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறோ வந்ததை டென்மார்க் பதிவேடுகள் காட்டின. 'கஞ்சா கேஸ்தான்' என்று சொல்லிச் சீட்டை மடித்து அனுப்பிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனசு பதறும்.

அந்த அம்மா எங்களிடம் வரத் தயங்கியதற்கு இரண்டு பயங்கள் இருந்தன. ஒன்று, "சங்கிலி போட்டுருவாகளா?" 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்தில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய மாவட்டம் இது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். தர்காவில் வேண்டிக்கொள்ளுங்கள், மருந்தையும் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று போலீஸ். இலங்கைக்குக் கஞ்சா கடத்தும் கடற்கரை என்பதால் இங்கே கெடுபிடி அதிகம். சீட்டில் 'கஞ்சா' என்று எழுதினால் மகன் மேல் கேஸ் வந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிதளவு வைத்திருந்த அல்லது பயன்படுத்திய குற்றத்தில் சிக்கிய அடிமையானவர், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்தால், வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. நோயாளி சொல்வதை ரகசியமாகக் காக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகுதான், எந்த வயதில் பழக்கம் ஆரம்பித்தது, பெரியப்பா ஒருவர் இதேபோல வீட்டைவிட்டுப் போனது எல்லாவற்றையும் அவர் சொன்னார். அந்தப் பெரியப்பாவுக்குக் கஞ்சா பழக்கம் கிடையாது.

பையனுக்கு இப்போது மாதம் ஒரு ஊசி. கடலுக்குப் போகிறவனுக்குத் தினமும் மாத்திரை சரிப்படாது. செட்டில் பேசுவது இப்போது வலையும் மீனும் பற்றித்தான் என்கிறான். எப்போதாவது புகைக்கிறான், மறைக்காமல் சொல்கிறான். புகைத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும் என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். புகைத்த மாதத்திலும் ஊசிக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். இதுவரை வந்துகொண்டிருக்கிறான்.