உருளைக்கு இட்ட யூரியா எங்கே போகிறது?

நீலகிரியில் கேத்தி, குந்தா பக்கம் உருளைத் தோட்டங்களைப் பார்க்கப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "போன வருஷம் போட்ட உரம் இந்த வருஷம் பத்தலீங்க, இன்னும் ஒரு மூட்டை போடணும்." மூட்டையைக் கூட்டுவதற்கு முன் அடியுரக் கணக்கை, அதாவது நடவின்போது இடும் உரத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மலை உருளைக்குப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகள் 120:240:120 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து ஏறத்தாழ 48 கிலோ, மணிச்சத்து 97 கிலோ வரும். தழைச்சத்தில் பாதியை நடவின்போதும், மீதியை 30ஆம் நாள் மண் அணைக்கும்போதும் இட வேண்டும். ஆனால் மணிச்சத்து முழுவதையும், தழையும் மணியும் சேர்ந்த டிஏபி உரமாகப் போட்டால் 210 கிலோ பிடிக்கும். கூடவே 38 கிலோ தழைச்சத்தும் நடவன்றே மண்ணுக்குள் போய்விடும். அப்போது அதை உறிஞ்ச வேர் ஏது? மெல்ல நைட்ரேட்டாக மாறி, பலத்த மழையில் அடிமண்ணுக்கு இறங்கிவிடுகிறது. பிறகு பயிர் வெளிறும், மறுபடி யூரியா வாங்குவார்கள்.

டிஏபியை 2 மூட்டையோடு (100 கிலோ) நிறுத்தி, மீதி மணிச்சத்தைத் தழைச்சத்து இல்லாத சூப்பர் பாஸ்பேட்டில் கொடுத்தால் (6 மூட்டைக்குச் சற்று மேல்) அடியுரத்தோடு 13 கிலோ யூரியா போதும். 30ஆம் நாள் இடும் மேலுரத்துக்கு யூரியா 45 கிலோ மூட்டை ஒன்றும் ஏழெட்டு கிலோவும் வேண்டும். சூப்பர் சுமப்பதற்குக் கூலி கூடும்தான். மேட்டு வயலுக்குத் தலைச்சுமையாக ஏற்றுகிறவர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த மாற்றத்தைத்தான் முதலில் செய்யச் சொல்வோம்.

மேலுரத்தைத் தூவிவிட்டு வரக் கூடாது. தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கோடு கிழித்து இட்டு, அன்றே மண்ணை அணைத்துவிட வேண்டும். மேலே கிடக்கும் யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போகும். கனமழை பிடித்தால் வாய்க்காலோடு போகும். சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகப் பார் (நடவு வரப்பு) பிடித்த வயலில் மேல்மண்ணும் சேர்ந்தே கரையும்.

அடுத்தது மண்ணின் புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு 5க்குக் கீழே போனால் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் குட்டையாக்கும். எவ்வளவு உரம் இருந்தாலும் எடுக்க முடியாது. அம்மோனியம் சல்பேட் அதே அளவு தழைச்சத்துக்கு யூரியாவைவிட ஏறத்தாழ 3 மடங்கு புளிப்பேற்றும். மண் பரிசோதனை சொல்லும் அளவில் புளிப்பைத் தணிக்கும் டோலமைட் சுண்ணாம்பை நடவுக்கு 2, 3 வாரம் முன்பே மண்ணில் கலக்க வேண்டும். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒரே நாளில் கலந்து போட்டால் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். காசு கொடுத்து வாங்கிய சத்துதான் அது.

இலை மஞ்சளானதெல்லாம் தழைச்சத்துக் குறைவும் அல்ல. நீலகிரியில் 1961இல் கண்டறியப்பட்ட, உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இன்றும் இருக்கிறது. திட்டுத் திட்டாகப் பயிர் குன்றியிருந்தால் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். வேரில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, வெள்ளையும் மஞ்சளுமாக மணிகள் ஒட்டியிருந்தால் யூரியா மூட்டையைப் பிரிக்க வேண்டாம். அந்த வயலுக்குத் தேவை நூற்புழுவை எதிர்க்கும் ரகமும், அடுத்த போகங்களில் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு என மாற்றுப் பயிரும்.