ஐந்துக்கு ஐந்து, ஒரே கோடு: மார்கழி 19

இன்று காலை 5.40-க்கு விழுந்துவிட்டது. நேர்ப்புள்ளி, ஐந்துக்கு ஐந்து, கை எடுக்காமல் ஒரே கோட்டில் சிக்குக் கோலம். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வாசலில் குனிந்திருக்கும் ஒரே ஆம்பளை நான்தான், அதனால் இந்தப் பெருமையை இங்கே அடித்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கு ஆறு என்றால் சும்மா வளைத்துக்கொண்டே போனாலே ஒரே கோடாக முடியும். இரண்டு எண்ணுக்கும் பொது வகுத்தி ஒன்றுதானே. ஐந்துக்கு ஐந்தில் ஐந்து தனிக் கோடுகள் விழும். ஒவ்வொன்றையும் ஒரு கலர் பேனாவில் போட்டுப் பார்த்தேன். நெளிவை எடுத்துவிட்டால் ஐந்தும் சாய்ந்த செவ்வகங்கள், நடுவில் இருப்பது சதுரம். மொத்தம் 40 இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அதில் நான்கை மட்டும் வெட்டவிடாமல் திருப்பிவிட்டால் ஐந்தும் ஒன்றாகிவிடும். நோட்டில் இது அரை மணி நேர வேலை. தரையில் பதினெட்டு நாள் ஆனது.

காரணம் அந்தத் திருப்பம்தான். 36 இடத்தில் நேராகத் தாண்டிப் போன கை, திரும்ப வேண்டிய இடத்திலும் தாண்டிவிடுகிறது. கோடு வந்த வாக்கிலேயே கண் அதை நீட்டிப் பார்க்கும் என்று உளவியல்காரர் மாக்ஸ் வெர்தைமர் 1923-லேயே எழுதிவைத்திருக்கிறார். கண் நீட்டிய பக்கம் கையும் போய்விடுகிறது. தப்பு அப்போதே தெரியவும் தெரியாது. கோடு ஒழுங்காகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நிமிர்ந்து பார்த்தால் சில புள்ளிகளைச் சுற்றிப் பாதிதான் கோடு இருக்கும். அழித்துவிட்டு மறுபடியும் தண்ணீர் தெளிக்க வேண்டியதுதான்.

எதிர்வீட்டு ஆச்சி கல்லிடைக்குறிச்சிக்காரி. பேரனைத் திட்டிக்கொண்டே பதினொரு புள்ளி போடுவாள். போன வாரம் நடுவில் புகுந்து, "ஆச்சி, இப்ப எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கோலத்தையே பார்த்தாள். "கேட்டுக் கெடுத்துட்டியேய்யா" என்று பாதியை அழித்தாள். பேரனைத் திட்டும்போது தவறாத கை, நான் கேட்டதும் தவறிவிட்டது. வாயால் சொல்லப் போனால் கை மறக்கும் போல.

ஆனாலும் மறுநாள் வந்து ஒன்று சொன்னாள். "கோட்டப் பாக்காதய்யா, புள்ளியப் பாரு. ரெண்டு புள்ளிக்கும் நடுவுல செவுரு இருக்குன்னு நெனச்சுக்கோ, அங்கன முட்டுனா திரும்பிரு." நான் நினைத்ததோடு விடவில்லை. நான்கு இடத்திலும் பொடியில் அரை விரல் நீளத்துக்குச் சின்னச் சுவரே போட்டுவிட்டு ஆரம்பித்தேன். கோடு முடிந்ததும் விரலால் துடைத்தாயிற்று. ஆச்சிக்கு இது கள்ளாட்டம். எனக்கு இல்லை.

பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டவுணில் இந்தத் தடவை வாங்கிய கல்பொடி ஒரே குருணை. சலித்ததில் கால்வாசி சல்லடையிலேயே நின்றுவிட்டது. தனி அரிசி மாவு என்றால் பனியில் விரலோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று பங்கு பொடிக்கு ஒரு பங்கு மாவு கலந்தால் கோடு திருப்பத்தில் தடிக்காமல் இறங்குகிறது. எறும்பும் வரும், வரட்டும்.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிவிட்டார்கள். அதைத் தேடிப் படிக்க ஆசை. ஆனால் படித்தால் என் கையும் நின்றுவிடுமோ என்று சின்ன பயம், ஆச்சியைப் பார்த்த பிறகு.

பொங்கலுக்குச் செம்மண் பட்டை போட்டு, அரிசியை அரைத்துத் துணியில் நனைத்து மாக்கோலமாகவே போடுவதாக இருக்கிறேன். அதற்குள் ஏழுக்கு ஏழு வந்தாக வேண்டும். அதில் 84 வெட்டு, ஆறு சுவர். நோட்டில் ஆறும் வைத்தாயிற்று, இன்னும் இரண்டு கோடாகத்தான் நிற்கிறது. ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட கோடு தன்னையே வெட்டும் இடத்தில் சுவர் வைத்தால் அது வீண், சில சமயம் சேர்ந்த கோடே மறுபடி இரண்டாகப் பிரிந்துவிடும். ஆறில் எது அப்படி வீணானது என்று மத்தியானத்திலிருந்து கலர் பேனாவோடு தேடிக்கொண்டிருக்கிறேன். பச்சை வேறு தீர்ந்துவிட்டது.