டாக்னிக்கு மூன்று முகம்

'அட்லஸ் ஷ்ரக்ட்' படத்தின் இரண்டாம் பாகத்தை ஓடவிட்டேன். நாயகி டாக்னியாக வேறொரு பெண் வந்து நிற்கிறாள்.

தவறான படத்தைத் திறந்துவிட்டேனோ என்று நிறுத்திப் பார்த்தேன். இல்லை, சரியான படம்தான்.

அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்டின் 1957-ஆம் ஆண்டு நாவல்தான் 'அட்லஸ் ஷ்ரக்ட்'. 2011, 2012, 2014 என மூன்று படங்கள். மூன்றிலும் நாயகி வேறு, நாயகன் வேறு. கையைக் கடிக்கும் பட்ஜெட். அப்புறம், மூன்றாம் பாகத்துக்கு ரசிகர்களிடமே இணையத்தில் பணம் திரட்டினார்கள். அடுத்தவர் தயவில் வாழாதே என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் பேசும் நாவலுக்கு!

(நான் அந்த நாவலின் கட்சி இல்லை. ஆனாலும் பாவமாக இருந்தது.)

அதைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நண்பரிடம் புலம்பினேன். "முகம் மாறினால் என்ன, வசனம் அப்படியே இருக்கிறதே" என்றார்.

அவர் படம் பார்க்கவில்லை. மனப்பாடம் சரியாக ஒப்பிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.