பிரான்சில் வீடு எந்த நாளில் நம்முடையதாகிறது?

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1583ஆம் பிரிவுப்படி, வீடும் விலையும் பேசி ஒத்துக்கொண்டாலே விற்பனை முடிந்தது. பணம் கொடுக்காவிட்டாலும், சாவி வாங்காவிட்டாலும். அதனால்தான் முதல் ஒப்பந்தமான ‘கொம்ப்ரோமி’யிலேயே, நொத்தேர் (சொத்துப் பத்திரம் முடிக்கும் அரசு நியமித்த சட்ட அதிகாரி) முன் பத்திரம் முடியும் நாளில்தான் உரிமை மாறும் என்று எழுதிவைக்கிறார்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

குடியிருக்க வாங்குபவர் மனம் மாற 10 நாள் உண்டு. ஒப்பந்தம் பதிவுத் தபாலில் முதன்முறை வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து கணக்கு. விற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

பலர் சறுக்குவது வங்கிக் கடன் நிபந்தனையில்தான்; அதாவது, கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம் என்ற வரி. தொகை, அதிகபட்ச வட்டி, எத்தனை வருடம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். 2,00,000 யூரோ என்று எழுதிவிட்டு வங்கியில் 2,30,000 கேட்டு, அது மறுக்கப்பட்டால், அந்த மறுப்புக் கடிதம் உங்களைக் காப்பாற்றாது. முன்பணம், வழக்கமாக விலையில் 5 முதல் 10 சதவீதம், போய்விடலாம். ஆகவே எழுதிய கணக்குக்கு அப்படியே விண்ணப்பித்து, மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

நகரசபைக்கு முன்வாங்கும் உரிமை (விற்பனைக்கு வரும் வீட்டை உங்களுக்கு முன் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை) உள்ள பகுதியென்றால் அதன் பதிலுக்கு 2 மாதம் வரை காத்திருக்கணும். கொம்ப்ரோமிக்கும் பத்திரத்துக்கும் நடுவே சுமார் 3 மாதம் ஓடுவது இதனாலும் கடன் ஏற்பாட்டாலும்தான்.

‘நொத்தேர் செலவு’ பழைய வீட்டுக்கு விலையில் 7-8 சதவீதம். பெயர்தான் அப்படி; பெரும்பகுதி வரியாகப் போகிறது. நீங்கள் தனி நொத்தேர் வைத்தாலும் செலவு கூடாது, இரு நொத்தேர்களும் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பணம் வங்கி மாற்றலாக மட்டுமே. கையெழுத்துக்கு முன்பே நொத்தேர் கணக்கில் விழணும். தாமதமானால் அன்றைய கையெழுத்தே தள்ளிப்போகும்.

அன்று காலை வீட்டை மறுபடி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் எடுங்கள். பிறகு நொத்தேர் பத்திரத்தைப் படித்துக்காட்டுவார், திரையில் கையெழுத்து, சாவி. பிரெஞ்சு புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒரு படி மிச்சம். நொத்தேர் பத்திரத்தை நிலப் பதிவேட்டில் ஏற்றணும். ஒரே வீட்டை இருவருக்கு விற்றிருந்தால், 1198ஆம் பிரிவுப்படி நல்லெண்ணத்துடன் (மற்ற விற்பனை தெரியாமல்) முதலில் ஏற்றியவரே உரிமையாளர், அவருடைய பத்திரம் பின்னால் எழுதியதாக இருந்தாலும். பதிவு முடிந்த நகல் வர சில மாதம் ஆகும். அதுவரை அன்றே கொடுக்கும் உரிமைச் சான்றிதழ் போதும்; இரண்டு மூன்று பிரதி கேட்டு வாங்குங்கள்.