எக்ஸ்ரே நார்மல், எலும்பில் விரிசல்

இடுப்புக்கு மேலே, முதுகின் இடது பக்கத்தில் வலி. ஓடினால் வலிக்காது, பேட்டிங் பிடித்தால் வலிக்காது, பந்து போடும்போது முன்கால் ஊன்றி முதுகு வளையும் அந்த நொடியில் மட்டும் கத்தியால் குத்துவது மாதிரி இருக்கும். நான் வலது கை வேகப்பந்து வீச்சாளன், மாவட்ட லீக் ஆடுகிறேன். முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நார்மல், தசைப்பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வலி போகவே இல்லை. கோச் சொல்லி, விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனேன். எந்தக் கையால் பந்து போடுகிறாய் என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் இடது காலில் மட்டும் நிற்கவைத்து முதுகைப் பின்னால் வளைக்கச் சொன்னார், சுரீர் என்றது. வேகமாக வீசுகிறவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில், பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வரும், அது ஒரே அடியில் உடைவதில்லை, வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தில் வருவது, ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் சிக்காமல் போவது சகஜம் என்றார்.

எம்.ஆர்.ஐ.க்கு எழுதிய சீட்டில் வெறும் ‘முதுகு வலி’ என்று போடாமல், வேகப்பந்து வீச்சாளர், எல்5 (கீழ்முதுகின் கடைசி எலும்பு) இடது பக்கம் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் சந்தேகம் என்று எழுதினார். இதை நீங்களும் கேட்டு எழுதி வாங்குங்கள். முதுகு எம்.ஆர்.ஐ. என்றாலே டிஸ்க், நரம்பு என்றுதான் கண் போகும், எலும்பில் இருக்கும் இந்தச் சின்ன விரிசல் தப்பிவிடலாம். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் ‘ஸ்டிர்’ படங்களில்தான் அழுத்தம் விழுந்த எலும்புக்குள் கோத்திருக்கும் நீர் வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும்.

ஸ்கேன் எடுப்பது பெரிய விஷயமில்லை. செயின், பெல்ட், போன் எல்லாம் வெளியே, காதில் பஞ்சு, கையில் அழுத்திக் கூப்பிட ஒரு ரப்பர் பந்து, அரைமணி நேரம் டமடமவென்ற சத்தம். வலிக்கிற முதுகோடு அசையாமல் மல்லாந்து கிடப்பதுதான் கஷ்டம். டாக்டர் திரையில் காட்டினார்: மற்ற எலும்பெல்லாம் மங்கலாக இருக்க, எல்5 இடது பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு. விரிசல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்க்க அந்த இடத்துக்கு மட்டும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பாதி விரிசல்தான், ஓய்விலேயே எலும்பு ஒட்டிவிடும் என்றதும் எனக்கு உயிர் வந்தது. சி.டி.யில் கதிர்வீச்சு உண்டு, அதனால் அதைத் திரும்பத் திரும்ப எடுக்கமாட்டோம், இனிமேல் எம்.ஆர்.ஐ.யில்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்.

சரி, இனிதான் முக்கியமான கட்டம். ஓய்வு, பிசியோ என்று போய் வலி சுத்தமாக நின்றுவிட்டது, கை பரபரக்கிறது, டீமிலும் கூப்பிடுகிறார்கள். ஆனால் அடுத்த எம்.ஆர்.ஐ.யில் அந்த வெள்ளைத் திட்டு குறைந்திருந்ததே தவிர மறையவில்லை. வலி நின்றதை நம்பி அன்றே பந்தை எடுத்திருந்தால் பாதி விரிசல் முழுசாகியிருக்கலாம். 2019-ல் பும்ராவின் முதுகு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில்தான் தெரியவந்தது என்று பி.சி.சி.ஐ. அறிவித்தது. மாவட்ட லீக் பையன்களுக்கு அப்படிப் பார்க்க யாரும் இல்லை, நாம்தான் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முடிந்தால் ஒரே சென்டரில் எடுங்கள், ரிப்போர்ட்டோடு படங்கள் இருக்கும் டிஸ்க்கையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்கிறார். கடைசியாக எடுத்ததில் திட்டு இல்லை. இப்போது பாதி ரன்-அப்பில், ஒருநாள் விட்டு ஒருநாள், பிசியோ எண்ணிக் கொடுக்கும் பந்துகளை மட்டும் போடுகிறேன். முழு வேகத்துக்குப் போனபின் இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.